நாற்பத்திரண்டு கிணறுகளும் ஒரு டிக்கும்

“கைக்கருவியை மேசைக் கணினியுடன் இணைக்கும் முன், இரண்டிலும் உள்ள பதிவுகளைத் தனித்தனியே நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே தகவல் பரிமாற்றத்தைத் தொடங்க வேண்டும்.” சுற்றறிக்கையின் ஒன்பதாம் பத்தி, ஆ உட்பிரிவு.

எனக்கு இது மனப்பாடம். ஆங்கிலத்தில் வந்த அந்தச் சுற்றறிக்கையைத் தமிழில் பெயர்த்தவனே நான்தான். ‘அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே’ என்பது மூலத்தில் கிடையாது. தலைமை அலுவலகத்துக்குப் போதிய ஜாக்கிரதை இல்லை என்று கருதி நானாகச் சேர்த்துக்கொண்டது. இதைப் பற்றி அக்கம்பக்கத்து மாவட்ட ஊழியர்களுக்கு ஒரு நாள் வகுப்பும் எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கினார்கள். தூங்கியவர்களில் யாரும் பின்னாளில் ஒரு பதிவையும் இழந்ததாகத் தெரியவில்லை. இழந்தவன் வகுப்பு எடுத்தவன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உங்கள் கையில் இருக்கும் போன், கிணற்று மேட்டிலிருந்தே அளவைச் சென்னைக்கு அனுப்பிவிடுகிறது. கம்பி வேண்டாம், கணினி வேண்டாம், என்னைப் போன்ற ஆளும் வேண்டாம். ஆகவே அந்த விதி உங்களுக்கு இனித் தேவைப்படாது. அதை மீறியவனுக்கு என்ன நடந்தது என்பது தேவைப்படலாம்.

திண்டுக்கல் சமவெளியில் எங்கள் நிலத்தடி நீர் அலுவலகத்தின் கணக்கில் நாற்பத்திரண்டு கிணறுகள் இருந்தன. எல்லாம் விவசாயிகளின் கிணறுகள். எங்களுக்கு அவற்றில் உரிமை என்று ஒன்றுமில்லை, கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்டில் போட்ட ஓர் அம்புக்குறியைத் தவிர. மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் ஒவ்வொரு கிணற்றுக்கும் போய், அம்புக்குறியிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே கிடக்கிறது என்று அளந்து வர வேண்டும். இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்குவது, நனைந்த கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. இதற்கு மேல் இந்த வேலையில் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் சனவரி அளவு மட்டும் தனி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து நிலம் எவ்வளவு குடித்திருக்கிறது என்று சொல்லும் அளவு அது. அடுத்த ஒரு வருடத்துக்கு யாருக்குப் புதுக் கிணறு, எந்த ஊருக்கு ஆழ்குழாய் என்ற பேச்செல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

அளந்து வந்தவர் பெயர் சவரிமுத்து. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினான்கு வருடங்களாகத் தினக்கூலி. அகரத்துக் காடுகளில் தொடங்கி வத்தலக்குண்டுத் தென்னந்தோப்புகள் வரை, பஸ் போகும் இடத்துக்குப் பஸ்ஸிலும், போகாத இடத்துக்குத் தன் சொந்த மொபெட்டிலும், அதுவும் போகாத வரப்பில் நடந்தும் போவார். அவரையும் வேறு சிலரையும் நிரந்தரமாக்கக் கேட்டு ஒரு கோப்பு அதற்கு முந்தைய மாதம்தான் சென்னைக்குப் போயிருந்தது. நிரந்தரமானால் ஓய்வூதியம் உண்டு. ஆகாவிட்டால் கால் நடக்கிறவரைதான் கூலி. பதினான்கு வருடத்தில் அவர் மீது ஒரு விளக்கக் கடிதம்கூடக் கேட்கப்பட்டதில்லை என்பதுதான் அந்தக் கோப்பில் அவருக்கு இருந்த ஒரே சிபாரிசு.

கைக்கருவி எங்களுக்கு 1999இல் வந்தது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறத் திரை, எழுதுவதற்குப் பிளாஸ்டிக் குச்சி. கணினிக்குப் பக்கத்தில் அதை உட்கார வைக்க ஒரு தொட்டில். தொட்டிலில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் கருவியில் உள்ளது கணினிக்கும், கணினியில் உள்ளது கருவிக்கும் போய், இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும். சவரிமுத்து அதை ‘டப்பா’ என்றுதான் சொல்வார். ஆனால் ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவார்.

மென்பொருளை முதன்முதலாக நிறுவியபோது அது என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. ஒரே பதிவைக் கருவியிலும் திருத்தி, கணினியிலும் திருத்தியிருந்தால் நான் யார் பக்கம்? மூன்று கட்டங்கள். கருவியில் இருப்பதே செல்லும். கணினியில் இருப்பதே செல்லும். ஒவ்வொரு முறையும் என்னைக் கேள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. களத்துக்கும் அலுவலகத்துக்கும் தகராறு வந்து களம் ஜெயித்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். பிறகு அதை மறந்தும் போனேன்.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த டிக் யாருக்கும் கெடுதல் செய்யாமல் கிடந்தது. சவரிமுத்து கருவியில் எழுதுவார், நான் கணினியில் கை வைக்க மாட்டேன். தகராறுக்கு இடமில்லை.

2001 சனவரி. கருவியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போயிருந்த நாட்களில் எனக்கு அலுவலகத்தில் வேலை குறைவு. வேலை குறைவாக இருக்கும் உதவிப் பொறியாளர் ஆபத்தானவர். கணினியில் கிணறுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். கிணறுகள் எந்த வரிசையில் சேர்க்கப்பட்டனவோ அந்த வரிசையிலேயே கிடந்தன. பதிவேட்டு விதிப்படி பிர்க்கா என்ற வருவாய்ப் பகுதி வாரியாக, அதற்குள் கிராம எண் வாரியாக இருந்திருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. இரண்டு மதியங்கள் உட்கார்ந்து நாற்பத்திரண்டு கிணற்றின் பதிவு அட்டைகளிலும் வரிசை எண்ணை மாற்றினேன். மாற்றி முடித்தபோது, யாரும் கேட்காத ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்த ஆனந்தம் இருந்தது. அந்த ஆனந்தம் உங்களுக்கு எப்போதாவது வந்தால் உடனே எழுந்து டீ குடிக்கப் போய்விடுங்கள்.

பத்தாம் தேதி காலையில் சவரிமுத்து வந்தார். செருப்பெல்லாம் செம்மண். கருவியைத் தொட்டிலில் வைத்தார்.

“நாப்பத்திரண்டும் முடிஞ்சிருச்சு சார். வத்தலக்குண்டு பக்கம் நல்லாருக்கு. அகரம்தான் கொஞ்சம் கீழ கெடக்கு. செத்த நேரத்துல வாரேன், டீ குடிச்சிட்டு.”

நகல் எடுக்க வேண்டும். அதற்கு ஃபிளாப்பி என்ற காந்தத் தட்டு ஒன்று வேண்டும். புது ஃபிளாப்பி பீரோவில் இருந்தது. பழைய ஃபிளாப்பியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் புதியது தரப்படும் என்று ஓர் உத்தரவு இருந்தது. அதைப் போட்டவன் யார் என்று கேட்காதீர்கள். பழையது வீட்டில் இருந்தது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பொத்தானை அழுத்தினேன்.

ஒரு நிமிடம் சின்னதாக ஒரு சங்கீதம். பிறகு திரையில் அறிவிப்பு: நாற்பத்திரண்டு பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன. பிழை எதுவும் இல்லை.

கணினியில் முதல் அட்டையைத் திறந்தேன். அழகான புது வரிசை எண். நீர்மட்டம் என்ற இடம் காலி. அடுத்தது, காலி. கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதிலும் அழகான புது வரிசை எண்கள், அதிலும் காலி. ஒரே பதிவில் இரண்டு பக்கமும் கை பட்டிருந்தது. தகராறு வந்ததும் மென்பொருள் நான் சொல்லி வைத்தபடியே செய்திருந்தது. அலுவலகத்தின் வெற்றிடம் களத்தின் ஒன்பது நாள் நடையை வென்றுவிட்டது.

என்ன நடந்தது என்பது எனக்கு அப்போதே, அந்த நாற்காலியிலேயே, முழுதாகப் புரிந்துவிட்டது. இதைக் கவனியுங்கள், பின்னால் வருவதற்கு இது முக்கியம்.

சவரிமுத்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். திரையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சார், ஒண்ணையும் காணோம்?”

“போயிருச்சு சவரிமுத்து.”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

 அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “சார், திட்டுனாலும் பரவால்ல. நான்தான் சார். மூணு நாளைக்கி முன்னாடி வரப்புல வழுக்கிட்டேன். டப்பா சட்டைக்குள்ளருந்து நழுவி வாய்க்காத் தண்ணில விழுந்துருச்சு. பை சுத்தித்தான் இருந்துச்சு. தொடச்சு வெயில்ல வச்சேன், நல்லாத்தான் வேலை செஞ்சுது. அதான் சொல்லல. தப்புதான் சார்.”

பிறர் தவறைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஒருவன் தவறு செய்த கையோடு, இன்னொருவன் வந்து அதற்குச் சொந்தம் கொண்டாடினால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. “சரி, பாப்போம்” என்றேன். ‘இல்லை, நான்தான்’ என்று சொல்ல இரண்டு வார்த்தைகள் போதும். நான் சொன்னவையும் இரண்டுதான்.

செயற்பொறியாளரிடம் போனோம். இருபதாம் தேதிக்குள் அளவுகள் சென்னைக்குப் போயாக வேண்டும், நடுவில் பொங்கல். அவர் மேசையில் ஏற்கெனவே நாலு தொல்லைகள் இருந்தன. சவரிமுத்து அங்கும் வாய்க்கால் கதையைச் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை வெளியே அனுப்பிவிட்டுச் செயற்பொறியாளர் சொன்னார்:

“இதுக்கு ஏன்யா இம்புட்டு யோசனை? போன வருஷம் சனவரி இருக்குல்ல, அதுல ரெண்டு சென்டிமீட்டர் கூட்டியும் கொறச்சும் போட்டு விடுங்க. கெணத்துக்குள்ள எட்டிப் பாக்கவா போறாங்க?”

“அது முடியாது சார்.”

“உங்களுக்கு முடியாதுன்னு தெரியும். அப்ப ஒண்ணு பண்ணுங்க. கருவி அவரு பொறுப்புலதான இருக்கு? தண்ணில போட்டேன்னு அவரே சொல்றாரு. ஒரு விளக்கம் எழுதி வாங்கிக்கங்க. நம்ம பக்கம் சுத்தம்.”

விளக்கம் எழுதி வாங்கினால் அந்தத் தாள் சென்னைக் கோப்பில் போய் உட்காரும். பதினான்கு வருடச் சிபாரிசு அன்றைக்கே தீர்ந்தது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் “பாக்குறேன் சார்” என்றேன். அரசுப் பணியில் இதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

விளக்கம் வாங்கவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. “நாளைக் காலையில் கிளம்புவோம், எல்லாக் கிணற்றையும் மறுபடி அளப்போம், நானும் வருகிறேன்” என்று மட்டும் சவரிமுத்துவிடம் சொன்னேன். அதை அவர் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். “உங்களுக்கு எதுக்கு சார் இந்த வெயிலு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை அதிகம் சுட்டது.

மறுநாள் காலையில் அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து அகரம் போனேன். முதல் கிணறு பாண்டியம்மாவுடையது. ஐம்பது வயசு, சம்பங்கித் தோட்டம், நான்கு ஊருக்குக் கேட்கும் குரல். அந்த அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது: அளவை முதலில் தனக்குச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் எங்கும் எழுத வேண்டும். “என் கெணத்துத் தண்ணி எங்க கெடக்குன்னு எனக்குச் சொல்லாம கவருமெண்டுக்குச் சொல்லுவியா?” என்று பல வருடங்களுக்கு முன்பு நாடாவைப் பிடித்து இழுத்து நிறுத்தியதாம். நியாயம் என்று சவரிமுத்துவுக்குப் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து நாற்பத்திரண்டு கிணற்றிலும் அவர் அதையே பழக்கமாக்கிவிட்டார். கிணற்றுக்காரர்களிடம் மீட்டர் சொன்னால் புரியாது என்று, உள்படிக்கட்டில் எத்தனையாவது படி வரை தண்ணீர் என்றும் சேர்த்துச் சொல்வார். இது எந்த நடைமுறையிலும் இல்லாததால் எனக்கு அன்றுவரை தெரியாது.

எங்களைக் கண்டதும் பாண்டியம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தது.

“என்ன அப்பு, ஒரு வாரத்துக்குள்ள மறுக்கா வந்துட்ட? தொணைக்கு ஆபீசரு வேற.”

“போன தடவ அளந்தது போச்சுக்கா. மறுபடி எடுக்கணும்.”

“போச்சா? எங்க போச்சு? ஏலே சவரி, அன்னைக்கி ஒம்பது படி கண்ணுக்குத் தெரியுது, பத்தாம் படில தண்ணின்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான போன? நான் ஞாபகம் வச்சிருக்கேன், பள்ளிக்கூடமே போகாதவ. நீ தொலச்சுப்புட்டியா?”

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். “ஆமாக்கா. தண்ணில போட்டுட்டேன்.”

“தண்ணிய அளக்க வந்தவன் தண்ணிலயே போட்டானாம்! உன்னைய நம்பி...”

“அவர் போடலம்மா” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. “அவர் தொலைக்கல. நான்தான் தொலைச்சேன்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்களா?” என்றது பாண்டியம்மா. “நீங்க ஆபீசுலதான இருந்தீக?”

“அங்க இருந்துதாம்மா தொலைச்சேன்.”

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, நான் டிக் போட்டதையும், வரிசை எண்ணையும், ஃபிளாப்பியையும் சொன்னேன். தொழில்நுட்பம் அந்த அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சாரம் புரிந்தது. “ஆக, இவன் நடந்து கொண்டாந்தத, நீங்க உக்காந்து அழிச்சிட்டீக” என்றது. இருபத்தாறு வருடப் பணியில் என் வேலையை இவ்வளவு சுருக்கமாக யாரும் அறிக்கை எழுதியதில்லை.

சவரிமுத்து நாடாவில் சாக்பீஸைத் தேய்த்தார், இறக்கினார், அளவைச் சொன்னார். தண்ணீர் இன்னும் அரைப்படி இறங்கியிருந்தது. அடுத்த கிணறு வரை பேசவில்லை. அதற்கடுத்த கிணறு வரையும் பேசவில்லை. மொபெட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. மூன்றாவது கிணற்றில் நாடாவைச் சுற்றிக்கொண்டே கேட்டார்:

“நேத்தே தெரியுமா சார் உங்களுக்கு?”

“தெரியும்.”

“நான் வாய்க்காலப் பத்திச் சொல்லும்போதே?”

“ஆமா.”

“ராத்திரி பூரா எம் பொண்டாட்டி என்னயத் திட்டுனா சார். டப்பாவ இடுப்புல கட்டிக்கிட்டுப் போறதுக்கென்னன்னு.” நாடாவைச் சுற்றி முடித்தார். “அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.”

அவ்வளவுதான். கோபம் அவருக்கு வந்துதான் இருக்கும். அதை எனக்குத் தெரியாத எந்த வரப்பிலோ இறக்கி வைத்துவிட்டார். அன்று மதியமே கேலி தொடங்கிவிட்டது. “சார், எறங்குறப்ப பாத்து. நீங்க தண்ணில விழுந்தா நகல் இல்ல.”

பொங்கல் நாட்களைத் தவிர்த்து நாற்பத்திரண்டையும் மறுபடி அளந்தோம். கிணற்றுக்குக் கிணறு ஆட்கள் போன வாரத்துப் படிக்கணக்கை ஒப்பித்தார்கள். நான் படிகளின் உயரத்தை அளந்து மீட்டருக்கு மாற்றிப் பார்த்தேன். நம்பும்படி இருந்தது. ஆனாலும் அதை அளவாக எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதாமல் விடவும் வரவில்லை. மறுபடி அளந்ததை அளந்த தேதியுடன் ஒரு நெடுவரிசையில் போட்டு, பக்கத்தில் ‘கிணற்று உரிமையாளர் சொன்னது, படிகளில்’ என்று தனி நெடுவரிசை போட்டேன். நமக்குத் தெரிந்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். இந்தக் கட்டுரையில் விதி என்று நான் சொல்லப்போவது இது ஒன்றைத்தான்.

அத்துடன் ஒரு கடிதம். தவறு முழுவதும் என்னுடையது, பத்தி ஒன்பது, ஆ உட்பிரிவு மீறப்பட்டது, மீறியவன் நான். செயற்பொறியாளர் படித்தார். நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“உங்க கழுத்துல நீங்களே கயிறு போட்டுக்கிறீங்க, அது உங்க இஷ்டம். ஆனா ரெண்டாவது பத்தியை எடுத்துருங்க.”

இரண்டாவது பத்தி இதுதான்: ‘அளவீட்டாளர் திரு. சவரிமுத்து அவர்களுக்கு இதில் எவ்விதப் பொறுப்பும் இல்லை. அவர் மீது எவ்வித நடவடிக்கையும் எடுக்க வேண்டியதில்லை.’

“ஏன் சார்? அவரைக் காப்பாத்தத்தான் அது.”

“அவரு பேரே இல்லாம எழுதுங்க. பேரு வந்தா கோப்பு வரும்.”

குறுக்கு வழிகளிலேயே பணிக்காலத்தைக் கழித்தவர் என்று அவரைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம். மேலும், கருவி யார் பொறுப்பில் இருந்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எடுக்க மாட்டேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு மேலொப்பமிட்டார்.

அவர் சொன்னதே நடந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, நிரந்தரம் ஆனவர்களின் பட்டியல் வந்தது. சவரிமுத்துவின் பெயருக்கு நேரே, ‘கைக்கருவி நிகழ்வு குறித்த முடிவு நிலுவையில் உள்ளதால் பின்னர் பரிசீலிக்கப்படும்’ என்று இருந்தது. அவர் குற்றமற்றவர் என்று நான் எழுதியதால்தான் அப்படி ஒரு நிகழ்வுக்கும் அவருக்கும் தொடர்பு இருப்பதே அவர்களுக்குத் தெரிந்தது. பிற்பாடு நிதானமாக யோசித்தபோது இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பத்தி அவருக்குத் தேவைப்படவில்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது. ஒரு நாள் வாய் மூடி இருந்ததற்கு என் நேர்மையைக் கொஞ்சம் சத்தமாகக் காட்ட வேண்டியிருந்தது. தவறை ஒப்புக்கொள்ளும்போது தனியாகப் போங்கள். யாரையும் துணைக்குக் கூட்டிப் போகாதீர்கள், காப்பாற்றுவதற்காகக்கூட.

பட்டியலை நானே சவரிமுத்துவிடம் காட்டினேன். இந்த முறை ஒரு நாள் தள்ளிப் போடவில்லை.

“அப்ப நான் தண்ணில போட்டேன்னு சொல்லிருந்தா வேல போயிருக்கும். நான் போடலன்னு நீங்க சொன்னதுனால வேல வரல” என்றார். “இந்த டப்பாவத் தண்ணிலயே விட்டுட்டு வந்திருக்கலாம் சார்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து நினைவூட்டுக் கடிதங்கள். எனக்குத் தெரிந்த எல்லா வகையிலும் எழுதினேன்: சாதாரண நினைவூட்டு, பதிவுத் தபாலில் நினைவூட்டு, அலுவலகப் பெயரில் அல்லாமல் ஆளின் பெயருக்கே எழுதும் நினைவூட்டு. ஒரு வருடம் கழித்து ஒரு பதில் வந்தது. ஆவலாகப் பிரித்தேன். ‘படி’ என்ற அளவின் சென்டிமீட்டர் மதிப்பைத் தெரிவிக்குமாறு கேட்டிருந்தார்கள். கிணற்றுக்குக் கிணறு, படிக்குப் படி அது மாறும் என்று விளக்கி, இணைப்பாக நாற்பத்திரண்டு கிணற்றின் படி உயரப் பட்டியலையும் அனுப்பினேன். அதற்குப் பிறகு மறுபடி மௌனம்.

இதற்கிடையே அலுவலகத்தில் சில மாறுதல்கள். மென்பொருளில் டிக்கை மூன்றாவது கட்டத்துக்கு மாற்றினேன்: ஒவ்வொரு முறையும் என்னைக் கேள். ஃபிளாப்பி உத்தரவை ரத்து செய்தேன். பரிமாற்றம் நடக்கும்போது சவரிமுத்து டீ குடிக்கப் போகக் கூடாது, என் பக்கத்தில் உட்கார வேண்டும். முடிந்ததும் ஏதாவது மூன்று கிணற்றை நான் திறப்பேன். அவர் திரையைப் பார்க்காமல் அளவைச் சொல்ல வேண்டும். ஒரு முறைகூடத் தவறியதில்லை. “என்ன சார், உங்க மிசினு பாஸா?” என்பார். இப்படி உட்கார்ந்ததில் எங்களுக்குள் பேச ஆயிரம் விஷயங்கள் சேர்ந்தன. அவர் மனைவியிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டதும், அந்த அம்மாள் காபி கொடுத்துவிட்டு, “இனிமேயாச்சும் பாத்துச் செய்யுங்க சார்” என்று என்னைக் கண்டித்ததும் அவற்றில் ஒன்று.

வருடங்கள் மழையில்லாமல் போயின. கிணறுகள் இறங்கின. சவரிமுத்துவுக்கு முழங்காலில் வலி வந்தது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். பதிவேட்டில் அவர் இன்னும் தினக்கூலி. ஒவ்வொரு தபாலிலும் சென்னை உறையைத் தேடுவது எனக்கு வியாதிபோல ஆகிவிட்டது.

கடைசியாக ஒரு காலையில் அது வந்தது. ஒரே பக்கம். நிகழ்வுக்கு உதவிப் பொறியாளரே பொறுப்பு. அவர் கடுமையாக எச்சரிக்கப்படுகிறார். அளவீட்டாளருக்குத் தொடர்பில்லை என்பது ஏற்கப்படுகிறது. அவருடைய பணியை நிரந்தரம் செய்து இத்துடன் ஆணை இணைக்கப்படுகிறது. இது முன்னுதாரணமாகக் கொள்ளப்படலாகாது. என் வாழ்நாளில் வாங்கிய ஒரே எச்சரிக்கை. பணிப் பதிவேட்டில் அதை நானே சந்தோஷமாக ஒட்டிக்கொண்டேன்.

சவரிமுத்து அன்று வத்தலக்குண்டுப் பக்கம் போயிருந்தார். மாலைவரை காத்திருந்திருக்கலாம். பஸ் ஏறிவிட்டேன். பஸ் நிலையத்திலிருந்து கொடைக்கானல் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து, தென்னந்தோப்புக்குள் அவருடைய மொபெட்டைக் கண்டுபிடித்தேன். கிணற்று மேட்டில் முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

“என்ன சார், மறுபடியும் அழிச்சிட்டீங்களா?”

உறையைக் கொடுத்தேன். பிரித்தார். முதல் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“நீங்களே சொல்லுங்க சார். ஒரு வரி நாலு முழத்துக்குப் போகுது.”

சொன்னேன்.  அவர் எழுந்து, கருவியைப் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தார். மறுபடி உட்கார்ந்தார்.

“அப்ப இனிமே நான் லீவு போடலாமா சார்?”

“போடலாம்.”

“போட்டாலும் சம்பளம் உண்டா?”

“உண்டு. ஆனா எழுத்துல விண்ணப்பம் கொடுக்கணும்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“அப்பச் சரி. நாளைக்கி ஒரு நாள் எனக்கு லீவு வேணும்.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். என்னிடம் ஒரு தாள் வாங்கி, கைப்பிடிச் சுவரின் மேல் விரித்துக் காற்றில் பறக்காமல் நாடாவைத் தூக்கி வைத்தார். அனுப்புநர் எழுதினார், பெறுநர் எழுதினார், பொருள் எழுதினார். முழங்கால் வலி என்று காரணம் எழுதினார். எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு நிமிர்ந்து, “இன்னைக்கி என்ன தேதி சார்?” என்று கேட்டார்.

“ஆகஸ்ட் ஏழு, இரண்டாயிரத்து மூன்று.”